அனிமே டப்பிங்: வசனத்தை விட மூச்சுக்கு வேலை அதிகம்

மும்பையில் தமிழ் டப்பிங் வாய்ப்பு தேடும் பெண்கள் அனுப்பும் சாம்பிள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான்: உருக்கமான ஒரு பக்க வசனம், சுத்தமான உச்சரிப்பு. சீரியலுக்கு அது போதும். ஜப்பானிய அனிமேஷனான அனிமேவுக்கு ஓடிக்கொண்டே பேசுவது, பயந்து மூச்சை இழுப்பது, வாய் நிறையச் சோற்றோடு உளறுவது எல்லாம் சாம்பிளில் இருக்க வேண்டும்.

காரணம் டப்பிங்குக்கு வரும் எம் அண்ட் இ (மியூசிக் அண்ட் எஃபெக்ட்ஸ்) டிராக். அதில் இசையும் எஃபெக்ட்ஸும் மட்டும் இருக்கும். ஜப்பானியக் குரலை நீக்கும்போது மூச்சு, முனகல், விக்கல் எல்லாம் சேர்ந்தே போய்விடும். சண்டைக் காட்சியில் வசனம் நாலு வரி என்றால் இந்த மாதிரி வார்த்தையில்லாத ரியாக்‌ஷன் இருபது இருக்கும். ஒன்றை விட்டாலும் திரையில் வாய் திறக்கும், சத்தம் வராது. தரம் பார்க்கும் கியூசியில் திரும்பி வரும். புதியவர்கள் எல்லா அடிக்கும் ஒரே "ஆ" போடுவார்கள். அடிப்பவருக்குச் சத்தம் கை நீளும்போதே கிளம்பும். வாங்குபவருக்கு அடி பட்ட பிறகுதான் வரும், அதுவும் மூச்சு பாதியில் அறுந்த மாதிரி.

கத்தல்களைக் கடைசியில் எடுக்கச் சொல்லிக் கேளுங்கள், தயங்க வேண்டாம். கத்திய பிறகு குரல்நாண் வீங்கும். அதன்பின் பேசும் சாதாரண வசனம் காலையில் எடுத்ததோடு ஒட்டாது. மைக்குக்கும் வாய்க்கும் ஒரு சாண் தூரம். கத்தும்போது ஓரடி பின்னால் போய் முகத்தைக் கொஞ்சம் திருப்புங்கள். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் மாட்டினால் மறு கப்பிலிருந்து ஜப்பானியக் குரல் மைக்கில் கசியும். கண்ணாடி வளையல், மொடமொடக்கும் துப்பட்டா, பசித்த வயிறு மூன்றும் டேக்கைக் கெடுக்கும்.

லிப் சிங்க் சினிமாவை விட எளிது. அனிமே வாய்க்குப் பெரும்பாலும் மூடியது, பாதி, முழுதும் திறந்தது என்று மூன்றே படங்கள்தான். அதனால் உதடு மூடும் ப, ம எழுத்துகளுக்காகத் தலையை உடைத்துக்கொள்ள வேண்டாம். தொடக்கம், நிறுத்தம், முடிவு பொருந்தினால் போதும். நொடிக்கு 24 ஃபிரேம். இரண்டு மூன்று ஃபிரேம் தள்ளிப்போனால் இன்ஜினியர் நகர்த்திவிடுவார், அதற்கு மேல் ரீடேக்தான்.

ஸ்கிரிப்ட் ஆங்கிலம் வழியாக வந்திருந்தால் வேறு சிக்கல். ஜப்பானியத்திலும் நம்மைப் போலவே வினை கடைசியில் வரும். பாத்திரம் "அவனை நான்…" என்று நிறுத்தி, குளோசப்பில் "மன்னிக்கவே மாட்டேன்" என்று முடிக்கும். ஸ்கிரிப்டில் ஆங்கில வரிசைப்படி "மன்னிக்கவே மாட்டேன் அவனை" என்று இருந்தால் குளோசப்புக்கு "அவனை" மட்டும் மிஞ்சும். ஒரிஜினலைக் கேட்டுவிட்டு வரிசையை மாற்றலாமா என்று டைரக்டரிடம் கேளுங்கள். நல்ல டைரக்டர் மறுக்கமாட்டார்.

மும்பையில் இன்ஜினியருக்குத் தமிழ் தெரியாமல் இருப்பது சகஜம். சிங்க் பிசகினால் பிடிப்பார். 'வாழை' 'வாளை' ஆனது அவர் காதில் விழாது. மாட்டுங்காவிலும் செம்பூரிலும் வளர்ந்தவர்கள் வாக்கிய முடிவில் ஹிந்தி ராகம் இழுக்கிறதா என்று பதிவு செய்து கேட்டுப் பார்ப்பது நல்லது.

பெண்களுக்குச் சிறுவன் வேடம் நிறைய வரும். ஜப்பானில் 'டிராகன் பால்' கோகுவுக்கு 1986 முதல் மசாகோ நொசாவாதான். ஆங்கிலத்தில் 'போகிமான்' ஆஷுக்கு முதலில் பேசியவர் வெரோனிகா டெய்லர். கீச்சுக்குரல் வேண்டாம். சத்தத்தை முன்பல்லுக்குக் கொண்டுவந்து, காற்றைக் குறைத்து, வாக்கியத்தை வெட்டி முடித்தால் சிறுவன் வந்துவிடுவான். அந்தக் குரலில் பத்து நொடி கிளிப்பை போனில் வைத்திருங்கள். மாதக்கணக்கில் கழித்து பிக்கப் (சில வரிகளை மறுபடி எடுப்பது) வரும்போது அதுதான் கைகொடுக்கும்.

சம்பளம் எபிசோடுக்கா, மணிக்கா, பிக்கப்புக்குத் தனியா என்பதை வேலைக்கு முன்பே எழுத்தில் வாங்குங்கள். டிடிஎஸ் (சம்பளத்திலேயே பிடிக்கும் வரி) பிடித்தால் வருமான வரி இணையதளத்தில் உங்கள் பெயரில் ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். ஒப்பந்தத்தில் "எல்லா எதிர்காலத் தொழில்நுட்பங்களுக்கும்" என்ற வரி இருந்தால், உங்கள் குரலை வைத்து ஏஐக்குப் பயிற்சி கொடுக்கவும் அது வழிவிடலாம். அந்தப் பயன்பாடு இல்லை என்று தனியாக ஒரு வரி சேர்க்கச் சொல்லிவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள்.