தலையில் அடி, கையில் பச்சை டோக்கன்

அம்மாவுக்கு இதயத் துடிப்பு சீராக இல்லை. ரத்தம் உறையாமல் இருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். குளியலறையில் வழுக்கி விழுந்ததில் பின்மண்டையில் அடி. காயம் இல்லை, மயக்கம் இல்லை. "ஒண்ணுமில்லடா, படுத்தா சரியாயிடும்" என்றார். இந்த மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு வெளியே ஒன்றும் தெரியாமலே மண்டைக்குள் ரத்தம் கசியலாம் என்று இதய மருத்துவர் முன்பே எச்சரித்திருந்ததால் உடனே கிளம்பினோம்.

முதலில் போனது பக்கத்தில் இருந்த 24 மணி நேர கிளினிக். தலையில் அடி என்று வாசலிலேயே சொன்னேன். முன்மேசையில் இருந்தவர் நிமிர்ந்தும் பார்க்காமல் விலாசம், போன் நம்பர், உறவுமுறை என்று முழுப் படிவத்தையும் நிரப்ப வைத்துப் பணமும் வாங்கிக்கொண்டார். உள்ளே போனால் டாக்டர் சொல்கிறார், "சி.டி. எடுக்கணும் சார், இங்க மெஷின் இல்ல." இதைச் சொல்ல அந்தப் படிவம் எதற்கு? இதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது. அவசரம் என்று எங்கே கிளம்பினாலும், இன்னொருவரை விட்டுப் போன் போட்டு "இந்த நேரத்துல ஸ்கேன் ஓடுமா, எடுக்க ஆள் இருக்காங்களா?" என்று கேட்கச் சொல்லுங்கள். போர்டை நம்பிப் போகாதீர்கள்.

அடுத்து பெரிய மருத்துவமனை. பதிவு மேசையில் வார்ஃபரின் விஷயத்தைச் சொன்னதற்கு, "அதெல்லாம் உள்ள சொல்லிக்குங்க" என்று பதில். சீட்டில் "தவறி விழுந்தார்" என்று மட்டும் எழுதியிருந்தது. அதைப் பார்த்த, யாரை முதலில் கவனிப்பது என்று பிரிக்கும் ட்ரையாஜ் சிஸ்டர், அம்மா நடக்கிறார், தெளிவாகப் பேசுகிறார், பிரஷரும் பரவாயில்லை என்று பச்சை டோக்கன் கொடுத்துவிட்டார். பச்சை என்றால் கடைசி வரிசை. மாத்திரை அட்டையையும், ரத்தம் உறைய எவ்வளவு தாமதமாகிறது என்று காட்டும் ஐ.என்.ஆர். அளவைக் குறித்து வைக்கும் நோட்டையும் எடுத்து மேசையில் வைத்தேன். ஒரு நொடி பார்த்தார். பேனாவால் பச்சையை அடித்து மஞ்சள் என்று எழுதி, தானே எழுந்து போய் டாக்டரிடம் பேசினார். அதற்கப்புறம் ஸ்கேன், ரத்தப் பரிசோதனை எல்லாம் மளமளவென்று நடந்தன.

வெளியே ஒருவர், தனக்குப் பின்னால் வந்த பெண்ணை முதலில் உள்ளே கூப்பிட்டதற்காக அந்த சிஸ்டரிடம் சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். அந்தப் பெண்ணுக்குத் தாடை வலி, கொட்டுகிற வியர்வை. மாரடைப்புச் சந்தேகம் என்றால் வந்த 10 நிமிடத்துக்குள் ஈ.சி.ஜி. எடுத்தாக வேண்டும். வரிசையை மீறுவதுதான் அங்கே வேலையே. சத்தம் போடுவதில் பயனில்லை. ஆனால் காத்திருக்கும்போது வாந்தி, குழறல், தூக்கக் கலக்கம் என்று புதிதாக எது வந்தாலும் எழுந்து போய்ச் சொல்லுங்கள். முதலில் கொடுத்த நிறம் மாறும்.

ஸ்கேனில் கசிவு இல்லை. ஆனால் 2-க்கும் 3-க்கும் இடையில் இருக்க வேண்டிய ஐ.என்.ஆர். 4-ஐத் தாண்டியிருந்தது. கசிவு தாமதமாகவும் வரலாம் என்பதால் அட்மிட் செய்யச் சொன்னார்கள். உண்மையான சோதனை இங்கேதான் ஆரம்பித்தது. வார்டில் படுக்கை இல்லை.

இரவு முழுக்க அம்மா நடைபாதையில் ஸ்ட்ரெச்சரில் கிடந்தார். தலைக்கு நேர் மேலே டியூப் லைட். அவசரப் பிரிவு டாக்டரைக் கேட்டால், "அவங்க இப்ப வார்டு பேஷண்ட்." வார்டில் போய்க் கேட்டால், "இன்னும் எங்ககிட்ட வரலையே." நடுவில் அம்மாவுடைய ராத்திரி மாத்திரைகளை யார் தருவது? யாரும் தரவில்லை. ஷிப்ட் மாறியதும் புதிதாக வந்த சிஸ்டரிடம் பட்டியலைக் காட்டி, எதைக் கொடுக்கலாம், எதை நிறுத்த வேண்டும் என்று டாக்டரிடம் கேட்டு எழுதி வாங்கச் சொன்னேன். இல்லாவிட்டால் அந்த வேளை போயிருக்கும். எத்தனை மணிக்கு ஒருமுறை நினைவு நிலையைப் பார்ப்பீர்கள் என்றும் கேட்டு வைத்துக்கொண்டேன். நேரம் தவறியபோது நினைவுபடுத்த அது உதவியது.

அந்த சிஸ்டர்தான் விஷயத்தை உடைத்தார். "கூட்டம் வாசல்ல இல்ல சார், பின்னாடிதான். வார்டுல டிஸ்சார்ஜ் சொன்னவங்க கையெழுத்துக்கும் பில்லுக்கும் உட்கார்ந்திருக்காங்க. அவங்க எழுந்தாதான் இங்க இருக்கறவங்க மேல போக முடியும். இவங்க போனாதான் ஆம்புலன்ஸ்ல வந்தவங்கள இறக்க இடம்." சளி, இருமலுக்கு வருகிறவர்கள்தான் நெரிசலுக்குக் காரணம் என்று நானும் கேட்டு வளர்ந்தவன். நான் பார்த்த நடைபாதையில் படுத்திருந்த யாருக்கும் சளி இல்லை. எல்லாரும் அட்மிஷன் எழுதிப் படுக்கைக்குக் காத்திருந்தவர்கள்.

மறுநாள் மதியம்தான் படுக்கை கிடைத்தது. கசிவு எதுவும் வரவில்லை, ஐ.என்.ஆர். இறங்கியது, அனுப்பிவிட்டார்கள். டிஸ்சார்ஜ் தாளில் "வார்ஃபரின் நிறுத்தவும், மறு பரிசோதனைக்கு வரவும்" என்று இருந்தது. எப்போது வருவது, மாத்திரையை மறுபடி எப்போது தொடங்குவது என்று எதுவும் இல்லை. அதை நிறுத்தியே வைத்திருந்தால் பக்கவாதம் வர வாய்ப்பு கூடும். "ஓ.பி.ல கேட்டுக்குங்க" என்றார்கள். நான் நகரவில்லை. கடைசியில் டாக்டரே வந்து இரண்டு தேதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார்.