கிரியாட்டினின் நார்மல்

“ஆபரேஷன் முடிஞ்ச அன்னைக்கு எடுத்த ரத்த டெஸ்ட்ல எதுவும் தெரியலையா டாக்டர்?” என்று அந்தப் பெரியவரின் மகன் கேட்டார். அப்பாவை டயாலிசிஸுக்கு எடுத்துக்கொண்டிருந்த நேரம்.

“கிரியாட்டினின் நார்மலாத்தான் இருந்தது” என்றேன். பொய் இல்லை. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு அது, சிறுநீரகம் பழுதானால் ரத்தத்தில் ஏறும். 0.9 என்று கேஸ் ஷீட்டிலேயே இருக்கிறது.

ஆனால் அன்றிரவு இன்னொரு சீட்டும் என் கையில் இருந்தது. சோதனை முயற்சியாக லேபுக்கு வந்திருந்த ‘என்கால்’ (NGAL) கிட். சிறுநீரகம் அடிபட்டதும் சீக்கிரமே ஏறும் ஒரு புரதத்தை அளப்பது. 150க்கு மேல் போனால் உஷாராக இருக்க வேண்டும் என்பார்கள், இவருக்கு 380. இதய வால்வு மாற்றி, இரண்டரை மணி நேரம் பம்ப்பில், அதாவது இதய-நுரையீரல் இயந்திரத்தில், இருந்து வந்த சர்க்கரை நோயாளி. உடனே சீனியரைக் கூப்பிட்டேன்.

“கிரியாட்டினின் எவ்வளவு?”

“0.9 சார்.”

“யூரின்?”

“மணிக்கு 60 மில்லி வருது சார்.”

“அப்புறம் என்ன? தெரிஞ்சு இப்ப என்ன பண்ணப்போறே?”

அந்த 60, சிறுநீரை வரவைக்கும் லாசிக்ஸ் மருந்து கொடுத்து வந்தது. சொல்லும்போதே எனக்குத் தெரியும். 0.9ஐயும் நம்ப முடியாது. பம்ப்பில் ஊற்றிய திரவத்தில் ரத்தம் நீர்த்திருக்கும். போதாததற்கு, சிறுநீரகம் பாதி வேலையை இழந்த பிறகுதான் கிரியாட்டினின் நிதானமாக ஏறத் தொடங்கும். 2005இல் லான்செட்டில் வந்த ஆய்வில், பம்ப் வைத்து இதய அறுவை செய்த 71 குழந்தைகளைப் பார்த்தார்கள். சிறுநீரகம் அடிவாங்கிய குழந்தைகளுக்கு இரண்டு மணி நேரத்திலேயே என்கால் எகிறியிருந்தது. கிரியாட்டினின் அதைச் சொல்ல ஒன்றிலிருந்து மூன்று நாள் ஆனது. இதையெல்லாம் அவரிடம் சொல்லியிருக்கலாம். “சரி சார்” என்று வைத்துவிட்டேன்.

அவர் கேட்டதும் நியாயம்தான். என்கால் ஏறினால் இறக்குவதற்கு மருந்து எதுவும் இல்லை. கிருமித்தொற்று இருந்தாலும் ஏறும், பம்ப்பில் போய் வந்த அழற்சிக்கே கொஞ்சம் ஏறும். அந்த மாதமே ஒருவருக்கு 290 வந்து, மூன்றாம் நாள் இட்லி சாப்பிட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஒவ்வொரு எண்ணுக்கும் பதறினால் ஐசியு நடத்த முடியாது.

ஆனால் செய்வதற்கு ஒன்றுமே இல்லை என்பது சரியா? 2017இல் ஜெர்மனியில் இதய அறுவை முடிந்த 276 பேரை வைத்து ஓர் ஆய்வு வந்தது. அது என்கால் இல்லை, சிறுநீரில் பார்க்கும் வேறு குறியீடுகள். அவை ஏறியிருந்தவர்களில் ஒரு பாதிப் பேருக்கு ரத்த அழுத்தத்தையும் திரவத்தையும் கவனமாகப் பார்த்துக்கொண்டு, சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளைத் தள்ளி வைத்தார்கள். அவர்களில் 55 சதவீதம் பேருக்குப் பாதிப்பு வந்தது. வழக்கமான கவனிப்பில் இருந்தவர்களுக்கு 72. டயாலிசிஸ் தேவைப்பட்டவர்கள் எண்ணிக்கையில் மட்டும் சொல்லும்படி வித்தியாசம் இல்லை. சீனியர் கையில் கிடைத்தால் அந்தக் கடைசி வரியைத்தான் படித்துக் காட்டுவார்.

சரி, அவரை விடுங்கள். அன்றிரவு மருந்துச் சீட்டில் வலிக்காக டைக்ளோஃபெனாக் ஓடிக்கொண்டிருந்தது, எட்டு மணி நேரத்துக்கு ஒன்று. சிறுநீரகத்துக்கு ஆகாத மருந்துகளில் அதுவும் ஒன்று. அதை அடிக்க யாரையும் கேட்க வேண்டியதில்லை. பேனா என் பையில்தான் இருந்தது. போனில் மறுப்பு கேட்டதும், அந்த என்கால் சீட்டோடு சேர்த்து டைக்ளோவையும் மறந்துவிட்டேன். காலை ஆறு மணி டோஸைப் போடட்டுமா என்று சிஸ்டர் கேட்டபோது தலையாட்டியதுகூட நினைவிருக்கிறது.

இரண்டு டோஸால் ஒரு சிறுநீரகம் போய்விடாது என்று எனக்கே பலமுறை சொல்லியாயிற்று. அடிபட்டது பம்ப்பிலேயே நடந்து முடிந்திருக்கும். இருக்கலாம். மூன்றாம் நாள் கிரியாட்டினின் 2.8, பொட்டாசியம் 6. இரண்டு டயாலிசிஸுக்குப் பிறகு தேறி, 1.4இல் வீட்டுக்குப் போனார். போகும்போது அந்த மகன் என் கையைப் பிடித்து நன்றி சொன்னார்.

அவர் கேட்டது ரத்த டெஸ்ட்டைப் பற்றி. நான் சொன்னது கிரியாட்டினினைப் பற்றி. அந்த என்கால் சீட்டு கேஸ் ஷீட்டில் இல்லை. கிட் கணக்கு எழுதும் தனி நோட்டில் ஒட்டியிருக்கிறது. ஒட்டியது நான்தான்.