தூக்குல வெட்டின பேரும் நான் கட்டிவிட்ட கியூஆரும்

போன வருஷம் மேற்கு மாம்பலம் வீட்டுல வெள்ளை அடிக்கறதுக்காக பரண்ல இருந்த பாத்திரமெல்லாம் இறக்கினோம், அதுல ஒரு பித்தளைத் தூக்கு. மூடியில உளியால புள்ளி புள்ளியா ரெண்டு இனிஷியல், கீழ 12-6-74. அம்மா கல்யாணத் தேதி. அதைக் கையில வாங்கினவங்க அப்படியே தரையில உக்காந்துட்டாங்க, குடுத்த அத்தை யாரு, தஞ்சாவூர்ல இருந்து ரயில்ல மடியில வச்சு எடுத்துட்டு வந்தது, முதல் பிரசவத்துக்கு அதுலதான் ரசம் வந்ததுன்னு அரைமணி நேரம் சொன்னாங்க. எனக்கு இதுல ஒரு வரி கூட அதுவரைக்கும் தெரியாது.

பொருள் மேலயே தகவல் எழுதி வைக்கற பழக்கம் நம்ம வீடுகள்ல எப்பவோ இருக்கு, பாத்திரத்துல பேர் வெட்டறது வேற என்ன? அந்தத் தூக்குல பேர் வெட்டின அதே ஜூன் மாசம் 26ஆம் தேதிதான் அமெரிக்காவுல ஓஹையோவுல ஒரு கடையில பார்கோடு ஸ்கேன் பண்ணி முதல் தடவையா ஒரு சூயிங்கம் பாக்கெட்டுக்கு பில் போட்டாங்க. 1994ல ஜப்பான்ல டென்ஸோ வேவ்ங்கற கம்பெனியில மசஹிரோ ஹராவும் அவர் டீமும் கார் பார்ட்ஸை அடையாளம் வைக்க கியூஆர் கோடு கொண்டு வந்தாங்க, தொழிற்சாலையில எண்ணெய் அழுக்கு பட்டாலும் படிக்கணும்ங்கறதால கொஞ்சம் அழிஞ்சாலும் மீட்டுக்கற மாதிரி. இந்த மீட்டுக்கற சக்தியை அதிகபட்ச லெவல்ல வச்சா கோடுல சுமார் 30 சதவீதம் வரைக்கும் போனாலும் ஸ்கேன் ஆகும். அடுக்களைக்கு இதைவிட என்ன வேணும்.

உடனே அம்மா குரலை ரெக்கார்ட் பண்ணி, ஒரு இலவச சைட்ல ஏத்தி, வந்த கியூஆரை மூடிக்குள்ள ஒட்டினேன். நாலு மாசம் கழிச்சு அக்கா பொண்ணு ஸ்கேன் பண்ணா "உங்கள் பிளான் முடிந்தது, பணம் கட்டவும்"னு வருது. எனக்கு அழுகையே வந்துடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சது, அந்தக் கோடுக்குள்ள அம்மா சொன்ன எதுவுமே இல்ல, அந்த சைட்டோட முகவரி மட்டும்தான் இருந்தது, அவங்க கதவை மூடினா எல்லாம் போச்சு. நல்லவேளை, ஆடியோ ஃபைல் என் போன்ல இருந்துச்சு.

இந்தத் தடவை லிங்க்கே வேணாம்னு எழுத்தையே கோடுக்குள்ள போட்டேன். தமிழ்ல இதுக்கு சிக்கனம் வேணும், "தூக்கு"ங்கற ஒரு வார்த்தையே 18 பைட் (கம்ப்யூட்டர் தகவலை அளக்கற அலகு), இருக்கறதுலயே பெரிய கோடுல கூட 2953 பைட்தான் கொள்ளும், அந்த 30 சதவீத லெவல்னா 1273. அதுவும் அவ்ளோ பெருசா போட்டா கட்டம் பொடிப் பொடியாகி பழைய போன்ல எடுக்கவே எடுக்காது. அதனால ஆறே வரி. குரலை உள்ள அடக்க முடியாது, ஃபைல் பேரை மட்டும் கடைசி வரியில போட்டுட்டு ஃபைலை அக்கா, தம்பி, நான் மூணு பேரும் வச்சிருக்கோம். புளி போட்டுத் தேய்ச்சா ஸ்டிக்கர் நிக்காதுன்னு லேமினேட் பண்ணி கைப்பிடியில கயிறு போட்டுக் கட்டிட்டேன்.

அக்கா பொண்ணு ஸ்கேன் பண்ணி சத்தமா படிச்சா. அம்மா கேட்டுட்டே இருந்துட்டு, "சின்ன அத்தை இல்லடா, பெரிய அத்தை. மாத்து"ன்னாங்க. மறுபடி பிரிண்ட் எடுக்கப் போறேன்.