வாஸர்குப்பெ: நாலு மாதம் ஒட்டியதைத் தூக்கி எறிந்த நாள்

"வாஸர்குப்பெ வரைக்கும் போயிட்டு வரலாம், வர்றியா தம்பி?" என்று கேட்டதும் போனிலேயே சிரித்துவிட்டான்.

"ஏனுங்ணா, ஞாயித்துக்கெழமை காலங்காத்தால எந்திரிச்சுக் குப்பைக்குப் போகோணுங்களா?"

பொள்ளாச்சிக்காரன். ஃபிராங்க்ஃபர்ட்டில் என்னோடு ஒரே அலுவலகத்தில் வேலை. குப்பெ என்றால் ஜெர்மனில் உருண்டையான மலையுச்சி என்று விளக்கினேன். உயரம் 950 மீட்டர். ஹெஸ்ஸன் மாநிலத்தில் இதற்கு மேல் மலை கிடையாது என்றாலும், ஆனைமலை அடிவாரத்தில் வளர்ந்தவனிடம் அதைப் பெருமையாகச் சொல்ல முடியவில்லை. "புளிசாதம் நீங்க கட்டிருங்க, நான் வர்றேனுங்ணா" என்று முடித்துக்கொண்டான்.

இந்த மலைக்கு இதற்கு முன் இரண்டு தடவை போய், கொண்டுபோன கிளைடரை, அதாவது நானே கட்டிய, ரிமோட்டில் ஓட்டும் எஞ்சின் இல்லாத மாதிரி விமானத்தை, எறியாமலே திரும்பியிருக்கிறேன். முதல் தடவை காற்று இல்லை. இரண்டாம் தடவை காற்று இருந்தது, எனக்குத்தான் கை வரவில்லை. அதை வீட்டில் சொல்லவில்லை. காற்று சரியில்லை என்றே சொல்லி வைத்தேன்.

கை வராததற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடியிருப்பில் ஒவ்வொரு வீட்டுக்கும் நிலவறையில் கம்பித் தடுப்பு போட்ட ஒரு சின்ன அறை உண்டு. மற்றவர்கள் அங்கே சைக்கிளும் பழைய சூட்கேஸும் போட்டு வைப்பார்கள். நான் நவம்பரிலிருந்து பிப்ரவரி வரை அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். சின்ன ஹீட்டர் ஒன்று, மேசை விளக்கு ஒன்று, பலகையில் ஒட்டிய வரைபடம், குண்டூசி டப்பா. இரண்டு மீட்டர் இறக்கைக்கான ரிப்புகளை, அதாவது இறக்கைக்கு வடிவம் கொடுக்கும் விலா எலும்புகளை, இரண்டு மில்லிமீட்டர் பால்சா மரப் பலகையில் ஒவ்வொன்றாக பிளேடால் வெட்டி, உப்புத்தாள் போட்டு, குறுக்கே ஸ்பார் என்ற நீளக் குச்சியைச் செருகி, பசை வைத்து, காய விட்டு, மறுநாள் போய்ப் பார்த்து, கோணலாக இருப்பதைப் பிய்த்து, திரும்ப ஒட்டி... இப்படியே நாலு மாதம். ரிமோட், வாலை அசைக்கும் செர்வோ என்ற குட்டி மோட்டார் எல்லாம் கடையில் வாங்கியவை. அவற்றின் மேல் எனக்கு ஒட்டுதல் கிடையாது. அந்த ரிப்புகள் அப்படியல்ல.

பால்சா ஈக்வடாரில் விளையும் மரம். தண்ணீரின் எடையில் சுமார் ஆறில் ஒரு பங்குதான் இருக்கும். ஒரு பலகையைக் கையில் எடுத்தால் எதையும் எடுத்த மாதிரியே தெரியாது. 2020 வாக்கில் அதன் விலை எக்கச்சக்கமாக ஏறியது. காற்றாலை இறக்கைகளின் உள்ளே வைப்பதற்காக மரத்தைப் பெரிய அளவில் வாங்கிக் குவித்ததுதான் காரணம். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பு வந்தது. நான் பிறந்து வளர்ந்தது ஆரல்வாய்மொழி பக்கம். முப்பந்தல் காற்றாலைகள் எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்தே தெரியும். சின்ன வயதில் வாய் பிளந்து பார்த்த அதே சமாச்சாரம், இத்தனை வருடம் கழித்து என் பலகை விலையில் வந்து கை வைத்திருக்கிறது.

கட்டியதில் எனக்கு மிகவும் பிடித்த வேலை, எலும்புக்கூட்டின் மேல் பிலிம் ஒட்டுவது. அடியில் பசை தடவிய மெல்லிய பிளாஸ்டிக் படலம். சூடு பட்டால் ஒட்டும், இன்னும் கொஞ்சம் சூடு பட்டால் சுருங்கி மேளத்தோல் மாதிரி விறைக்கும். அதற்கென்று சின்ன இஸ்திரிப் பெட்டி விற்கிறார்கள். நான் வீட்டு இஸ்திரிப் பெட்டியையே எடுத்துக்கொண்டு போய், அதற்காகத் தனியாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். வலது இறக்கை முனையில் சூடு அதிகமாகிவிட்டது. பிலிம் இழுத்த இழுப்பில் இறக்கை முறுக்கிக்கொண்டு, பின் விளிம்பு நாலு மில்லிமீட்டர் கீழே தொங்கியது. அப்படியே விட்டால் பறக்கும்போது ஒரு பக்கமாகவே சாயும். திருத்துவதற்கு வழி உண்டு. எதிர்த் திசையில் கையால் முறுக்கிப் பிடித்துக்கொண்டு, சுருக்கம் விழுந்த இடத்தில் இஸ்திரிப் பெட்டியை லேசாகக் காட்டி, ஆறும் வரை பிடியை விடாமல் நிற்க வேண்டும். முறுக்கிப் பிடிக்க இரண்டு கை, பெட்டிக்கு இன்னொரு கை. முழங்காலையும் தாடையையும் வைத்துச் சமாளித்தேன். தாடையில் விழுந்த சின்னச் சூட்டுத் தழும்பு இன்னும் இருக்கிறது.

மூக்கில் தூண்டில் கடையில் வாங்கிய ஈயக்குண்டு 60 கிராம். இறக்கையின் முன் விளிம்பிலிருந்து அதன் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு தள்ளி, அடியில் இரண்டு விரல் நுனியை வைத்துத் தூக்கினால் தராசு மாதிரி நேராக நிற்க வேண்டும். நின்றது. மொத்தம் 780 கிராம்.

சரி, மலைக்கு வருவோம். மே மாத ஞாயிறு. ஃபுல்டா நகரம் வரை நெடுஞ்சாலை, அதற்குப் பிறகு வளைந்து வளைந்து ஏறும் கிராமத்துச் சாலை. இறக்கைகளைப் பழைய வேட்டியில் சுற்றிப் பின்னால் கிடத்தியிருந்தேன். வால் பகுதியைத் தம்பி மடியில் வைத்துக்கொண்டான். ஒவ்வொரு வளைவிலும் "பாத்துங்ணா, பாத்துங்ணா" என்றான், காருக்குச் சொன்னானா வாலுக்கா தெரியவில்லை.

மேலே போனால் மூடுபனி. பத்து மீட்டர் தள்ளி நிற்கும் கார் தெரியவில்லை. உச்சியில் ராணுவ ரேடார் காலத்து வெள்ளை உருண்டைக் கட்டடம் ஒன்று உண்டு, அவ்வளவு பெரிய உருண்டையே காணாமல் போயிருந்தது. மூன்றாம் தடவையும் போச்சு என்று நினைத்தேன். உள்ளுக்குள் கொஞ்சம் நிம்மதியாகக்கூட இருந்தது.

நேரத்தைப் போக்க அருங்காட்சியகத்துக்குள் போனோம். ஜெர்மன் கிளைடர் அருங்காட்சியகம். மாதிரி விமானங்களுக்கும் அங்கே இடம் கொடுத்திருக்கிறார்கள், எனக்குப் பிடித்ததே அதுதான். மனிதன் ஏறிப் போகும் கிளைடர்களின் கதை தொடங்கியதே இந்த மலையில்தான் என்று சொல்லலாம். 1911இல் டார்ம்ஷ்டாட் ஊரிலிருந்து பள்ளிக்கூடப் பையன்கள் தாங்களே கட்டிய கிளைடர்களைக் கொண்டுவந்து இந்தச் சரிவில் பறந்து பார்த்தார்கள். அடுத்த வருடம் அவர்களில் ஒருவரான ஹான்ஸ் குட்டர்முத் 838 மீட்டர் போனார். பிறகு உலகப் போர். தோற்ற ஜெர்மனிக்கு எஞ்சின் விமானம் கட்டத் தடை வந்தது. எஞ்சின் இல்லாத விமானத்துக்கு என்ன தடை என்று ஆஸ்கர் உர்சினுஸ் என்ற பத்திரிகைக்காரர் 1920இல் இங்கே போட்டி வைக்க, ஊர் ஊராக மாணவர்கள் கிளம்பி வந்தார்கள். இரண்டே வருடத்தில், 1922 ஆகஸ்ட்டில், ஆர்தர் மார்ட்டென்ஸ் ஒரு மணி நேரத்துக்கு மேல் காற்றிலேயே நின்றார்.

தம்பிக்குப் பிடித்துப்போனது மாக்ஸ் கேகல் கதை. 1926இல் இந்த மலையிலிருந்து கிளம்பியவரை ஓர் இடிமேகம் உள்ளே உறிஞ்சி எடுத்துக்கொண்டது. ஆள் தொலைந்தார் என்று எல்லோரும் நினைத்திருக்க, 55 கிலோமீட்டர் தள்ளிப் போய் உயிரோடு இறங்கினார். அன்றிலிருந்து அவருக்குப் பெயர் 'கெவிட்டர் மாக்ஸெ'. நம் பாஷையில் இடிமழை மாக்ஸ். "நம்மூர்லயும் ஆளுக்கொரு பட்டப்பேர் இருக்குமுங்ணா, இப்படியொண்ணு கெடைக்காது" என்றான்.

வெளியே வந்தபோது பனி கிழிந்துகொண்டிருந்தது. மேற்கிலிருந்து காற்று, முகத்தில் நேராக.

இந்த ரோன் மலைப்பகுதி 1991 முதல் யுனெஸ்கோ உயிர்க்கோளக் காப்பகம். மாதிரி விமானத்தை நினைத்த இடத்தில் பறக்கவிட முடியாது, ஒதுக்கிய சரிவுகளில் மட்டும்தான். காப்பீடு வேண்டும், பதிவு எண்ணை விமானத்தில் ஒட்டியிருக்க வேண்டும். மேற்குச் சரிவின் விளிம்பில் ஏழெட்டுப் பேர் ரிமோட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு நின்றார்கள். அநேகமாக எல்லோருக்கும் அறுபதுக்கு மேல். இங்கே எல்லோரும் எல்லோரையும் 'நீ' என்றுதான் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். எழுபது வயது மனிதரை 'நீ' என்று சொல்ல எனக்கு நாக்கு கூசியது. ஆளை விளிக்காமலே வாக்கியம் அமைத்து அமைத்து ஒரு வழியாகப் பேசி முடித்தேன்.

அந்த எழுபது வயதுக்காரர்தான் என் கிளைடரைக் கையில் வாங்கிப் பார்த்தார். ரிப்புகளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்து எண்ணுவது போலப் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. பிறகு, ரிமோட்டைக் காட்டி, "குச்சியை உன் பக்கம் இழு" என்றார். இழுத்தேன். வாலில் எலிவேட்டர், அதாவது மூக்கைத் தூக்கவும் தாழ்த்தவும் அசையும் பலகை, மேலே எழும்ப வேண்டும். கீழே இறங்கியது.

எனக்கு வயிற்றைப் புரட்டியது. வீட்டில் பத்துத் தடவை சரிபார்த்திருந்தேன். ஒவ்வொரு விமானத்தின் அமைப்பையும் ரிமோட் தனித்தனி நினைவகத்தில் வைத்திருக்கும். முந்தின வாரம் வேறொரு விமானத்தின் நினைவகத்துக்கு மாற்றியவன், திரும்ப இதற்கு மாற்றவில்லை. அப்படியே எறிந்திருந்தால், மூக்கைத் தூக்க நினைத்து நானே அதை மண்ணில் குத்தியிருப்பேன். அவர் தோளைக் குலுக்கினார். "எல்லோரும் ஒரு தடவை செய்வதுதான்." அவர் காலத்தில் இதைவிட மோசமான ஆபத்தெல்லாம் இருந்ததாம். ரிமோட்டுகள் 35 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இயங்கிய காலம் அது, இரண்டு பேர் ஒரே சானலைப் போட்டால் ஒருவருடைய விமானம் விழும். அதனால் பலகையில் சானல் எண் எழுதிய துணிக் கிளிப்புகள் மாட்டியிருக்கும், கிளிப் யார் சட்டையில் இருக்கிறதோ அவர் மட்டும்தான் ரிமோட்டைப் போடலாம். சானல் மோதலைத் தானே தவிர்த்துக்கொள்ளும் 2.4 கிகாஹெர்ட்ஸ் ரிமோட் வந்து கிளிப்புகளைத் துணிக்கே திருப்பிக் கொடுத்துவிட்டது.

நினைவகத்தை மாற்றி, இன்னொரு தடவை இழுத்துப் பார்த்து, விளிம்புக்குப் போனேன். எறிவதற்கு முன் "ஷ்டார்ட்!" என்று சத்தம் போட வேண்டும், மற்றவர்கள் ஒதுங்குவதற்கு. என் குரல் பாதியில் கம்மியது. "அண்ணா, போடுங்ணா" என்றான் தம்பி.

போட்டேன்.

ஒரு முழம் இறங்கியது. அப்புறம் யாரோ அடியில் கை கொடுத்த மாதிரி எழும்பியது. சமவெளியில் படுத்து வந்த காற்று மலையில் முட்டி மேலே திரும்புகிறது. கிளைடர் என்னவோ எப்போதும் காற்றுக்குள் கீழேதான் சறுக்கிக்கொண்டிருக்கிறது, நொடிக்கு அரை மீட்டர் போல. காற்று அதைவிட வேகமாக ஏறினால் விமானமும் ஏறும். இதெல்லாம் படித்ததுதான். படித்தது வேறு, நாலு மாதப் பசையும் பால்சாவும் சத்தமே இல்லாமல் தலைக்கு மேலே போய் நிற்பது வேறு.

இரண்டு விதிகளைப் பெரியவர் திரும்பத் திரும்பச் சொன்னார். திரும்பினால் மலையை விட்டு வெளிப்பக்கமாகத்தான் திரும்ப வேண்டும். விமானம் நம்மைப் பார்த்து வரும்போது இடம் வலமாகிவிடும். அப்போது யோசிக்காதே, எந்த இறக்கை தாழ்கிறதோ அந்தப் பக்கம் குச்சியைத் தள்ளு. இரண்டாவது விதி இல்லாவிட்டால் முதல் ஐந்து நிமிடத்திலேயே கிளைடர் தரையில் விழுந்திருக்கும், இதை எழுத வேண்டிய அவசியமே இருந்திருக்காது.

கொஞ்ச நேரத்தில் ஒரு பருந்து வந்தது. பிளவுபட்ட வால், செம்பழுப்பு உடம்பு. 'ரோட்மிலான்' என்பார்கள், உலகத்தில் உள்ளவற்றில் ஏறக்குறைய பாதி ஜெர்மனியில்தான் கூடு கட்டுகின்றன. என் கிளைடரை ஒரு தடவை சுற்றிப் பார்த்துவிட்டு இடது பக்கம் தள்ளிப் போய் இறக்கை அசைக்காமல் நின்றது. ஆரல்வாய்மொழிக் கணவாயில், எங்கள் ஊர்ப் பொத்தைக் குன்றுக்கு மேலே, ஆனி ஆடியில் பருந்துகள் இதே மாதிரி ஆணி அடித்தாற்போல நிற்கும். அது கிருஷ்ணப் பருந்து, விழுந்து கும்பிடச் சொல்வாள் ஆச்சி. அது ஏன் விழவில்லை என்று ஒருநாளும் கேட்டதில்லை. அது நின்ற இடத்துக்குக் கிளைடரைக் கொண்டுபோனேன். அங்கே மேலே தூக்கும் காற்று இன்னும் பலமாக இருந்தது.

23 நிமிடம். தம்பி மணி பார்த்துக்கொண்டிருந்தான், புளிசாதமும் சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

எறிவதைவிட இறக்குவதுதான் கஷ்டம். விளிம்புக்குப் பின்னால் காற்று சுருண்டு புரளும், அந்தச் சுழலில் போனால் எந்தப் பக்கம் தள்ளும் என்றே சொல்ல முடியாது. (இந்தப் பின்பக்கக் காற்றையே வைத்து விளையாடும் தைரியசாலிகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் 2021இல் எஞ்சின் இல்லாத மாதிரி கிளைடர் ஒன்று அப்படிச் சுற்றிச் சுற்றி மணிக்கு 880 கிலோமீட்டருக்கு மேல் போயிருக்கிறது. எனக்கு அந்த ஆசை இல்லை.) இறக்கப் போகிறேன் என்று மற்றவர்களுக்குத் தெரிய "லாண்டுங்!" என்று கத்திவிட்டு இறக்கினேன். இடுப்பளவு உயரத்தில் வலது இறக்கையைக் காற்று தட்டிவிட்டது. புல்லில் ஒரு குட்டிக்கரணம். ஓடிப்போய் எடுத்தால் இறக்கைக்கு ஒன்றும் இல்லை, வாலின் அடிப்பகுதியில் விரல் நீளத்துக்கு விரிசல்.

பெரியவர் சட்டைப் பையிலிருந்து உடனடிப் பசையும் ஒரு சின்ன டப்பாவும் எடுத்தார். விரிசலில் பசையை விட்டு, டப்பாவிலிருந்து வெள்ளைப் பொடியை ஒரு சிட்டிகை தூவினார். லேசாகப் புகைந்து, கண்மூடித் திறப்பதற்குள் கல்லாக இறுகியது. தம்பி டப்பாவை வாங்கி, விரல் நுனியால் தொட்டு நாக்கில் வைத்துப் பார்த்தான்.

"ஏனுங்ணா, ஆப்ப சோடாங்க!"

அடுத்த தடவை எறிந்தது அவன்தான். அவன் போட்ட "ஷ்டார்ட்" பொள்ளாச்சிச் சந்தைக்கே கேட்டிருக்கும். ஏழெட்டுக் கிழவர்களும் ஒரே நேரத்தில் திரும்பிப் பார்த்தார்கள்.