பட்டா மாறாத சர்வீஸ்

புது சர்வீஸ் ஒன்றை, அதாவது ஒரு வேலையைச் செய்யும் தனி மென்பொருளை, தொடங்க எங்கள் கம்பெனியில் முன்பு மூன்று வாரம் ஆகும். நிரலை வைக்கும் ரெப்போவுக்கு ஒரு டிக்கெட், அதாவது கோரிக்கை, நிரலைச் சோதித்து ஓடவிடும் பைப்லைனுக்கு ஒன்று, டேட்டாபேஸுக்கு இன்னொன்று. எல்லாம் வேறு வேறு டீம். போன வருஷம், இதையெல்லாம் ஒரே இடத்தில் நாங்களே செய்துகொள்ள டெவலப்பர் போர்ட்டல் வந்தது. ஸ்பாட்டிஃபை தன் எஞ்சினியர்களுக்காக உருவாக்கி 2020-ல் ஓப்பன் சோர்ஸாக வெளியிட்ட பேக்ஸ்டேஜ்தான் அதன் அடிப்படை. அதில் எங்களுக்கு வேண்டியதைச் சேர்த்துக் கொடுத்திருந்தார்கள்.

செங்கோட்டையில் வீட்டிலிருந்தபடிதான் எனக்கு வேலை. சாரல் நாளில் காலையில் உட்கார்ந்து டெம்ப்ளேட்டைத் தேர்ந்தெடுத்தேன். சர்வீஸின் பெயர், எந்த டீம், எந்த டேட்டாபேஸ் என்று நாலைந்து கட்டங்கள். நிரப்பிவிட்டு டீ போட்டு வருவதற்குள் ரெப்போவும் பைப்லைனும் தயார். சர்வீஸின் விவரம் இருக்கும் யாமல் ஃபைலில் நான் திருத்திய ஒரு வரி இரண்டு எழுத்து தள்ளி இருந்ததால் போர்ட்டலின் பதிவேடான கேட்டலாக் ஒருமுறை ஏற்க மறுத்தது. அது பெரிய விஷயமில்லை.

சிக்கல் அடுத்த படியில். என் சர்வீஸ் பழைய பில்லிங் ஏபிஐ ஒன்றை, அதாவது ஒரு மென்பொருள் இன்னொன்றிடம் வேலை கேட்கும் வாசலை, கூப்பிட வேண்டும். அதற்கான அனுமதியை போர்ட்டலிலேயே கேட்கலாம். கோரிக்கை அந்த ஏபிஐயின் ஓனர் டீமுக்குப் போகும். கேட்டேன். ஒன்பது நாள் பதிலே இல்லை. பத்தாம் நாள்தான் போர்ட்டலில் அந்த ஏபிஐக்கான பக்கத்தின் மேலே இருந்த மஞ்சள் பட்டையை நின்று படித்தேன். இந்தப் பதிவு சுட்டும் சில பெயர்கள் கேட்டலாக்கில் இல்லை என்று அது சொன்னது. ஓனர் என்று எழுதியிருந்த டீமையே எப்போதோ கலைத்துவிட்டிருந்தார்கள். பேக்ஸ்டேஜ் அப்படிப்பட்ட பதிவைத் தள்ளிவிடாது, எச்சரிக்கையோடு வைத்துக்கொள்ளும். என் கோரிக்கை ஆளில்லாத வீட்டு வாசலில் கிடந்திருக்கிறது.

எங்கள் வயல் ஞாபகம் வந்தது. 1956-ல் செங்கோட்டை தமிழகத்தோடு சேர்வதற்கு முந்தைய எங்கள் பத்திரம் மலையாளத்தில் இருக்கும். பட்டாவோ தாத்தா இறந்து பல வருஷமாகியும் அவர் பேரிலேயே கிடந்தது. உழுததும் தண்ணீர் பாய்ச்சியதும் அப்பா. கடன் கேட்டுப் போனபோதுதான் பட்டா மாற்றாதது இடித்தது. கிராம நிர்வாக அலுவலர் முதலில் கேட்ட கேள்வி, இப்போது யார் பயிர் வைக்கிறார்கள் என்பதுதான்.

நானும் அதையே தேடினேன். அந்த ரெப்போவில் ஆறு மாதத்தில் யார் மாற்றங்களை எழுதி கமிட் செய்தார்கள், யார் அவற்றை ஏற்று மெர்ஜ் செய்தார்கள் என்று பார்த்தேன். இரண்டு பெயர்கள் திரும்பத் திரும்ப வந்தன. ஒருவர் வேலையை விட்டுப் போய்விட்டார். இன்னொருவர் திருவனந்தபுரம் கழக்கூட்டம் டெக்னோபார்க்கில் எங்கள் அலுவலகத்திலேயே இருக்கும் ஒரு சேச்சி.

மாதம் ஒருமுறை ஆபீஸ் போகும் வழக்கம். அந்த வாரமே ஆரியங்காவு, தென்மலை வழியாக பஸ் பிடித்தேன். சேச்சி பாலக்காட்டுக்காரர், தமிழ் நன்றாகப் பேசுவார்.

“அந்த டீம பிரிச்சாச்சுப்பா. ஆனா ராத்திரி அலர்ட் அடிச்சா இப்பவும் எனக்குத்தான் போன் வரும்” என்றார். குரலில் களைப்பு தெரிந்தது.

“அப்ப ஓனர்னு உங்க டீம் பேரையே போட்டுடலாமா சேச்சி?”

“போட்டா வேலையும் எங்க தலையிலதான் விழும். மேனேஜர்கிட்ட பேசிட்டுச் சொல்றேன்.”

அந்தத் தயக்கம் நியாயமானது. ஒரு வரியை மாற்றுவது எளிது. அதை ஏற்கிற டீமுக்கு ஆளும் நேரமும் வேண்டும். இதைத் தராமல் போர்ட்டலை மட்டும் தருகிற நிர்வாகங்கள் மேல் எனக்குக் கோபம் உண்டு. மறுநாள் அவர் மேனேஜர் ஒத்துக்கொண்டு, ராத்திரி அலர்ட் முறைக்கு இன்னும் இருவரைச் சேர்த்தார். கேட்டலாக் ஃபைலில் ஓனர் வரியை மாற்றி, அதை ஏற்கக் கேட்கும் புல் ரெக்வெஸ்ட் அனுப்பினேன், சேச்சி மெர்ஜ் செய்தார். சில நிமிஷத்தில் மஞ்சள் பட்டை மறைந்தது. கோரிக்கையைப் புதிதாகப் போட்டேன்; சாப்பாட்டுக்கு முன்னால் அனுமதி வந்துவிட்டது.

பிறகு எங்கள் டீம் பேரில் இருக்கும் பதினான்கு பதிவுகளையும் ஒவ்வொன்றாகத் திறந்து பார்த்தேன். இரண்டில் அதே மஞ்சள் பட்டை. ஒன்றுக்கு ஆள் கிடைத்துவிட்டார், இன்னொன்றுக்குத் தேடிக்கொண்டிருக்கிறேன்.