சென்னைக்குக் கிழக்கே மூழ்கிக் கிடக்கும் தீவுகள்

முன்னாள் மாணவர் மலருக்கு எழுதச் சொன்னால் கேன்டீன், ஸ்ட்ரைக், டூர் என்றுதான் எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். நிலவியல் படித்த நமக்கு ஆய்வகச் சுவரில் தொங்கிய இந்தியப் பெருங்கடல் வரைபடம் போதும். கிழக்குத் தீர்க்கரேகை 90 பாகையை ஒட்டி, வடக்கு தெற்காக ஏறத்தாழ 5,000 கி.மீ. நீளத்துக்கு அதில் ஒரு கடலடி மலைத்தொடர் ஓடும்; பெயர் ‘தொண்ணூறு கிழக்கு முகடு’ (Ninetyeast Ridge). மெரினாவிலிருந்து நேர் கிழக்கே ஆயிரம் கி.மீ. சொச்சம் போனால் அதன் தலைக்கு மேல் மிதக்கலாம். ஆனால் அந்த இடத்தில் கங்கை, பிரம்மபுத்திரா வண்டல் அதை முழுக்க மூடிவிட்டது. கடலடியில் அதன் முதுகு தெரிய இன்னும் தெற்கே போக வேண்டும்.

அது ஒரு காலத்தில் தீவுகளாக இருந்தது. எப்படித் தெரியும் என்பதற்கான விடை பிராக்டிகல் வகுப்பின் கல் தட்டிலேயே இருந்தது. ஆழ்கடலில் கக்கிய பசால்ட் (கரிய எரிமலைப் பாறை) தலையணை லாவாவாக, அதாவது தலையணை அடுக்கியது போன்ற உருண்டைகளாக உறையும். வெளி விளிம்பு கண்ணாடி மாதிரி, உள்ளே நுண்துளை குறைவு, ஏனென்றால் நீரழுத்தம் வாயுவைப் பிரியவிடாது. எரிமலை வாய் நீர்மட்டத்தை நோக்கி மேலே வர வர அழுத்தம் குறைந்து, நீராவி வெடித்து, சாம்பலும் நொறுங்கிய கண்ணாடியும் குவியும். கடலுக்கு மேலே ஓடிய லாவாவின் மேற்பரப்பு காற்றுப் பட்டுச் சிவந்திருக்கும். வாயுத் துளைகளில் ஜியோலைட் என்ற வெளிர் கனிமம் நிரம்பிய கல்லைப் பார்த்து ‘பெரும்படிகம்’ என்று எழுதி மதிப்பெண்ணை விட்டவர்கள் நம்மில் ஏராளம். விளிம்பு உருண்டையாக இருந்தால் அது நிரம்பிய துளை. நேர்க்கோடாக, மூலையோடு இருந்தால்தான் படிகம்.

சாம்பல் குவியும் அந்த நடுக்கட்டம்தான் தீவுக்கு ஆபத்து. சாம்பல் மேட்டை அலை சில மாதங்களில் கரைத்துவிடும். ஐஸ்லாந்தின் சர்ட்சே தீவு 130 மீட்டர் ஆழத்திலிருந்து எழுந்து 1963 நவம்பரில் தலைகாட்டியது. 1964 ஏப்ரலில் வாய்க்குள் கடல்நீர் புகுவது நின்று, லாவா ஓடி மேலே கவசம் போட்டதால்தான் பிழைத்தது. 1967இல் 2.7 சதுர கி.மீ. இருந்தது, இன்று அதில் பாதிதான்.

பிழைத்த தீவும் மூழ்கும். சொந்தப் பாரம், அதைத் தாங்கும் புவித்தட்டை (பூமியின் பாறை ஓட்டுத் துண்டை) அமுக்கும். கூடவே தட்டும் ஆறிச் சுருங்கித் தாழும். நடுக்கடல் முகட்டில் (தட்டுகள் விலகிப் புதுக் கடலடி உருவாகும் இடத்தில்) பிறந்த தரை எவ்வளவு தாழும் என்பதற்கு ஒரு கணக்கு உண்டு: வயதைப் பத்து லட்சம் ஆண்டு அலகில் வைத்து, வர்க்கமூலம் எடுத்து, 350 மீட்டரால் பெருக்க வேண்டும். 40 லட்சம் ஆண்டில் 700 மீட்டர், 2.5 கோடியில் 1,750. வர்க்கமூலத்தை மறந்து நேராகப் பெருக்கினால் கடலடி பூமிக்குள்ளேயே போய்விடும். பழைய தட்டை வெப்பப்புள்ளி (பூமியின் ஆழத்திலிருந்து சூடு எழுந்து எரிமலைகளை உண்டாக்கும் இடம்) மறுபடி சூடாக்கிய இடத்தில் இந்தக் கணக்கு அப்படியே பொருந்தாது.

1972இல் குளோமர் சேலஞ்சர் என்ற ஆய்வுக் கப்பல் நம் கிழக்குத் தொடரின் நடுப்பகுதியில், 1,600 மீட்டருக்கும் அதிகமான நீருக்கடியில் துளையிட்டது. கடல் படிவுகளுக்குக் கீழே எரிமலைச் சாம்பலோடு பழுப்பு நிலக்கரியும் மகரந்தமும் வந்தன. கடலடியில் நெய்வேலிச் சரக்கு! காடு இருந்த தீவு அது.

அப்படியானால் மேற்கே லட்சத்தீவும் மாலத்தீவும் மட்டும் ஏன் நீருக்கு மேல் இருக்கின்றன? அவற்றின் அடியிலும் எரிமலைதான். தக்காணப் பாறைகளை 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் கொட்டிய அதே ரீயூனியன் வெப்பப்புள்ளியின் தடம். ஆனால் அவை பிறந்ததும் நகர்ந்ததும் வெப்பமண்டல நீரில். எரிமலை தாழத் தாழப் பவளம் மேலே வளர்ந்து ஈடுகட்டியது. நம் கிழக்குத் தொடரோ கெர்கெலென் வெப்பப்புள்ளியில், தெற்கு அட்சரேகை 50 பாகை அருகே, குளிர்நீரில் பிறந்தது. அங்கே திட்டுக் கட்டும் பவளம் வளராது. வெதுவெதுப்பான நீருக்குத் தட்டு வந்து சேர்வதற்குள் உச்சிகள் ஒளி எட்டாத ஆழத்துக்குப் போய்விட்டன. (அந்தமானின் பாரன் தீவை இந்தக் கணக்கில் சேர்க்காதீர்கள். அது ஒரு தட்டு இன்னொரு தட்டுக்கடியில் செருகும் இடத்து எரிமலை.)

மொரிசியஸிலும் ரீயூனியனிலும் இருக்கும் நம்மவர்கள் இதை நேரிலேயே ஒப்பிடலாம். மொரிசியஸ் சுமார் 80 லட்சம் ஆண்டு வயதுடையது. பவளத்திட்டு தீவை அநேகமாகச் சுற்றி வளைத்திருக்கிறது. ரீயூனியன் இளசு, அதன் பித்தோன் தெ லா ஃபூர்னேஸ் எரிமலை இன்னும் கக்குகிறது. அங்கே திட்டு மேற்குக் கரையோரம் ஒரு மெல்லிய பட்டை, அவ்வளவுதான்.