வாட்டைப் பாராமல் வெப்பத்தைப் பார்த்து வாங்கிய மோட்டார்

எலெக்ட்ரிக் ஸ்கேட்போர்டு செய்யப் புறப்படுபவர்களில் பெரும்பாலோர் முதலில் பார்ப்பது மோட்டாரின் மேல் ஒட்டியிருக்கும் வாட் எண்ணைத்தான். அந்த எண்ணுக்கு மிகக் குறைந்த மதிப்பே தர வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 2500 வாட் என்று எழுதியிருக்கும் மோட்டார் அந்தத் திறனைச் சில நொடிகளுக்குத் தருமா, அரை மணி நேரத்துக்குத் தருமா என்பதை ஸ்டிக்கர் சொல்வதில்லை. சித்திரை வெயிலில் தார்ச்சாலை கொதிக்கும் திருநெல்வேலிச் சீமையில், மோட்டாரின் செப்புச் சுருள் எவ்வளவு சூட்டைத் தாங்கும், அந்தச் சூடு எந்த வழியாக வெளியேறும் என்பவையே அதன் உண்மையான வரம்பைத் தீர்மானிக்கின்றன.

சக்கரத்துக்குள்ளேயே அமையும் ஹப் மோட்டாரை நான் தொடக்கத்திலேயே ஒதுக்கிவிட்டேன். அதன்மேல் இருக்கும் ரப்பர் மெல்லியது. ஜல்லி பெயர்ந்த நம் சாலைகளின் அதிர்வு நேராக மோட்டாரிலேயே இறங்கும். பல்விகிதத்தை (மோட்டார்ப் பல்லுக்கும் சக்கரப் பல்லுக்கும் உள்ள விகிதத்தை) மாற்றிப் பார்க்கவும் வழியில்லை. பெல்ட்டால் இழுக்கும் அவுட்ரன்னர் (வெளிக்கூடு சுழலும் மோட்டார்) வகையே எனக்குப் பொருத்தமாகத் தோன்றியது. அதில் 6354 என்ற அளவு எண்ணுக்கு 63 மி.மீ. விட்டம், 54 மி.மீ. நீளம் என்று பொருள். அடுத்து வரும் கேவி என்ற எண், ஒரு வோல்ட்டுக்குச் சுமையின்றி நிமிடத்துக்கு எத்தனை சுற்று என்பதைக் குறிக்கிறது. என்னுடையது 190 கேவி. பத்து செல் வரிசை கொண்ட 36 வோல்ட் பேட்டரியில் அது 6840 சுற்று சுற்றும். மோட்டாரில் 15 பல், 90 மி.மீ. சக்கரத்தில் 40 பல் கொண்ட புல்லிகளை, அதாவது பெல்ட் ஓடும் பல்லுருளைகளைப் போட்டால், கணக்கின்படி மணிக்கு 43 கி.மீ. வரும்; ஆள் ஏறிய பின் அது முப்பத்தைந்தை ஒட்டி நிற்கும். அதற்கு மேல் ஒரு பலகைக்குத் தேவையில்லை. மாறாக, பல்விகிதம் கூடக்கூட அதே இழுவைக்குக் குறைந்த மின்னோட்டம் போதும் என்பதால், வேகத்தில் விட்டுக்கொடுப்பது முழுவதும் குளிர்ச்சியாகத் திரும்பி வருகிறது.

மின்னோட்டக் கணக்கை ஒருமுறையாவது தாளில் போட்டுப் பார்க்க வேண்டும். நானும் பலகையும் சேர்ந்து 80 கிலோ. நூறு மீட்டருக்கு எட்டு மீட்டர் உயரும் ஏற்றத்தில், சக்கர உராய்வையும் சேர்த்தால், ஏறத்தாழ 80 நியூட்டன் இழுவை வேண்டும். 190 கேவி மோட்டார் ஒரு ஆம்பியருக்குச் சுமார் 0.05 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். ஆகவே மேலே சொன்ன புல்லிகளோடும் சக்கரத்தோடும் ஒற்றை மோட்டாராக இருந்தால் 28 ஆம்பியர் அளவில் இழுக்கும். திருநெல்வேலி ஈரடுக்கு மேம்பாலம் போன்ற ஏற்றங்கள் சில நூறு மீட்டரில் முடிந்துவிடுவதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. ஆனால் செங்கோட்டைக் கணவாய் வழியே புகுந்து வரும் ஆடிக் காற்று அப்படி முடிவதில்லை. மணிக்கு 25 கி.மீ. வேகக் காற்றை எதிர்த்து அதே 25 கி.மீ. வேகத்தில் மேற்கு நோக்கிச் சென்றால், சமதரையிலும் ஏறத்தாழ அந்த 80 நியூட்டனே தேவைப்படுகிறது. ஆலங்குளத்துப் பக்கம் நண்பரின் செங்கல் சூளைக்குச் செல்லும் தனிப்பாதையில்தான் நான் பலகை ஓட்டுகிறேன். அங்கே ஆடி மாதத்தில் மேற்கே போவதென்பது முடிவில்லாத மேம்பாலத்தில் ஏறுவதற்குச் சமம்.

இதனால்தான் ஒரு பெரிய மோட்டாருக்குப் பதில் இரண்டு 6354 வாங்கினேன். சுருளில் எழும் வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது. 28 ஆம்பியர் 14, 14 ஆகப் பிரியும்போது ஒவ்வொரு மோட்டாரிலும் வெப்பம் நான்கில் ஒன்றாகிவிடுகிறது. மணல் படிந்த வளைவில் ஒரு சக்கரம் வழுக்கினாலும் மற்றொன்று பிடித்துக்கொள்வது கூடுதல் ஆதாயம். வெப்ப உணரி உள்ளே பதிக்கப்பட்ட மோட்டாரையே வாங்குமாறு மிக வற்புறுத்திச் சொல்வேன். சாதாரண ரக நியோடிமியம் காந்தம் 80 டிகிரிக்கு மேல் வலிமையை நிரந்தரமாக இழக்கத் தொடங்கும். உயர் ரகக் காந்தமா என்பதை விற்பவரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பொருத்தும் வேலையிலும் வெப்பமே முன்னே நிற்கிறது. அவுட்ரன்னரில் வெளிக்கூடுதான் சுழலும். சூடாகும் சுருள் அதன் உள்ளே இருக்கிறது. சுருளின் சூடு பெருமளவு மோட்டாரின் அடித்தட்டு வழியாகத்தான் வெளியே வர முடியும் என்பதால், 8 மி.மீ. அலுமினியத் தகட்டில், இடையில் பெயின்ட் எதுவும் இல்லாமல், உலோகத்தோடு உலோகம் படியும்படி பொருத்தினேன். வண்ணார்பேட்டையில் லேத் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி தகட்டை வெட்டி, பெல்ட்டை இழுத்துவைக்க நீள்துளைகளும் போட்டுத் தந்தார். புல்லியைக் கையில் வாங்கிப் புரட்டிப் பார்த்தவர், "தம்பி, இந்த கிரப் ஸ்க்ரூவ மட்டும் நம்பி ஏறாதிய, கீ போட்டுருவோம்" என்றார். பிரேக் பிடிக்கும்போது முறுக்கு எதிர்த்திசைக்குத் திரும்பும். புல்லியை ஷாஃப்டில் இறுக்கிப் பிடிக்கும் தலையில்லாத கிரப் ஸ்க்ரூ தளர்வது அந்த இடத்தில்தான். 8 மி.மீ. ஷாஃப்டில் புல்லி வழுக்காமல் பிடிக்கும் கீ என்ற உலோகத் துண்டும், ஸ்க்ரூக்களில் அவை தளராமல் காக்கும் நீல நிற லாக்டைட் பசையும் போட்ட பிறகே புல்லி ஏறியது.

அடித்தட்டில் ஏறும் எம்4 ஸ்க்ரூக்களின் நீளத்தை மிகக் கவனமாகப் பார்க்க வேண்டும். தகட்டின் கனத்துக்கு மேல் ஐந்து மி.மீ. உள்ளே போனால் போதும். கூடுதலாக நீண்டால் அதன் நுனி செப்புச் சுருளைத் தொட்டு எனாமலைச் சுரண்டிவிடும். அது வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு ஸ்க்ரூவையும் தகட்டில் செருகி, மறுபுறம் நீட்டிக்கொண்டிருக்கும் பகுதியை வெர்னியரால் அளந்த பிறகே மோட்டாரில் ஏற்றினேன்.

அடுத்தது வேகத்தடை. 90 மி.மீ. சக்கரத்தில் அச்சு தரையிலிருந்து 45 மி.மீ. உயரத்தில் இருக்கும். மோட்டாரை அதே மட்டத்தில் வைத்தால் அதன் அடியில் எஞ்சுவது 13 மி.மீ. சொச்சம்தான். நம் ஊர் வேகத்தடைக்கு அது போதாது. தகட்டை மேல்நோக்கிச் சாய்த்து மோட்டாரை 15 மி.மீ. உயர்த்தியதும் இடைவெளி இரண்டு மடங்கானது. பலகையை முழுதாகச் சாய்த்து, மோட்டார் பலகையில் இடிக்கவில்லை என்பதையும் பார்த்துக்கொண்டேன். உவரிக் கடற்கரைப் பக்கம் ஓட்ட நினைப்பவர்கள் மோட்டாரின் காற்றுத் துளைகளுக்கு மெல்லிய வலை போடுவது அவசியம். அங்குள்ள கருமணல் காந்தத்தில் ஒட்டிக்கொள்ளும். உள்ளே புகுந்தால் எளிதில் வெளியே வராது.

மோட்டாருக்குப் போகும் மின்னோட்டத்தை அளந்து விடும் கட்டுப்படுத்தியாக, சுவீடன் பொறியாளர் பெஞ்சமின் வெட்டர் உருவாக்கிய வெஸ்க் வகையைப் பயன்படுத்துகிறேன். சக்கரங்களைத் தரையிலிருந்து தூக்கி வைத்து, இரண்டு மோட்டாரும் ஒரே பக்கம் உருட்டுகின்றனவா என்று முதலில் பார்க்க வேண்டும். எதிரெதிரே பார்த்து அமைந்த மோட்டார்களில் ஒன்று தலைகீழாகச் சுற்றத்தான் செய்யும். மென்பொருளில் அதன் திசையை மாற்றிவிடலாம். மோட்டார் 80 டிகிரியைத் தொட்டதும் மின்னோட்டம் குறையத் தொடங்கி, 95 டிகிரியில் முழுதும் நிற்கும்படி வைத்திருக்கிறேன். சென்ற ஆடியில் சூளைப் பாதை முழுவதும் காற்றை எதிர்த்து ஓட்டி இறங்கியபோது, இரண்டு மோட்டாரும் 70 டிகிரிக்குக் கீழேயே இருந்தன.